நீண்டகால மின் தேவை முன்மதிப்பீடு

நீண்டகால மின் தேவை முன்மதிப்பீடு என்பது ஒரு நாட்டிற்கோ மாநிலத்திற்கோ மின்பகிர்மான நிறுவனத்திற்கோ வருங்காலத்தில் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்பதைக் கணக்கிட்டுக் கூறுவதாகும். பொதுவாக ஐந்து முதல் இருபது ஆண்டுகள் வரையிலான காலத்திற்கு இது செய்யப்படுகிறது. மறுநாளுக்கும் அடுத்த வாரத்திற்கும் செய்யப்படும் குறுங்கால மதிப்பீடு எந்த மின்னாக்கியை எப்போது இயக்குவது என்பதை முடிவு செய்யப் பயன்படும். நீண்டகால மதிப்பீடோ எந்த மின்நிலையத்தை எங்கே கட்டுவது, எத்தனை ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்வது, எந்த ஊருக்குத் துணைமின் நிலையம் அமைப்பது ஆகியவற்றை முடிவு செய்யப் பயன்படுகிறது.

அனல்மின் நிலையம் ஒன்றைக் கட்டி முடிக்க ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆவதுண்டு. ஆகவே மதிப்பீட்டில் நேரும் பிழை பல ஆண்டுகள் கழித்தே மக்களுக்குத் தெரியவருகிறது. அது குறைவாக இருந்தால் மின்வெட்டாகவும், மிகையாக இருந்தால் மின்கட்டணமாகவும் கடனாகவும் வெளிப்படும். இதனால் மதிப்பீட்டை ஒருமுறை செய்து முடிப்பதைவிட, மெய்யான நுகர்வுடன் ஒப்பிட்டு அவ்வப்போது இற்றைப்படுத்துவதே இத்துறையின் முதன்மையான பணியாகக் கருதப்படுகிறது.

## மதிப்பிடப்படும் அளவுகள்

மின் தேவை இரண்டு அளவுகளில் குறிக்கப்படுகிறது.

- ஆற்றல் தேவை: ஓர் ஆண்டு முழுவதும் நுகரப்படும் மொத்த மின்னாற்றல். இது அலகு (யூனிட்) என்னும் கிலோவாட்டு மணியில் அளக்கப்படுகிறது. நாட்டளவில் பில்லியன் அலகுகளில், அதாவது நூறு கோடி அலகுகளில் கூறுவது வழக்கம்.
- உச்சத் தேவை: ஆண்டில் ஏதேனும் ஒரு நேரத்தில் ஏற்படும் மிகக்கூடிய திறன் தேவை. இது மெகாவாட்டில் அளக்கப்படுகிறது.

இவ்விரண்டையும் இணைப்பது *சுமைக் காரணி* ஆகும். ஆண்டு முழுவதும் உச்ச அளவிலேயே மின்சாரம் நுகரப்பட்டிருந்தால் எவ்வளவு ஆற்றல் செலவாகியிருக்குமோ, அதில் மெய்யாகச் செலவான பங்கே சுமைக் காரணி. எடுத்துக்காட்டாக, 2026-27ஆம் ஆண்டிற்கு இந்தியாவின் ஆற்றல் தேவை 1,908 பில்லியன் அலகு என்றும் உச்சத் தேவை 2,77,201 மெகாவாட்டு என்றும் மத்திய மின்சார ஆணையம் 2022இல் மதிப்பிட்டது. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உள்ளதால் இதன் சுமைக் காரணி ஏறத்தாழ 78.6 விழுக்காடு ஆகும்.

ஒரே அளவு ஆற்றலை நுகரும் இரு ஊர்களின் உச்சத் தேவை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரவும் பகலும் தறி ஓடும் ஊரில் சுமைக் காரணி உயர்ந்திருக்கும். மாலையில் மட்டும் விளக்கெரியும் ஊரில் அது தாழ்ந்திருக்கும். பின்னதற்கு, குறைந்த விற்பனைக்காகப் பெரிய மின்மாற்றியை நிறுவ வேண்டியிருக்கும்.

## இந்தியாவில் உள்ள அமைப்பு

இந்தியா முழுமைக்குமான மதிப்பீட்டை மத்திய மின்சார ஆணையம் செய்கிறது. மின்சாரச் சட்டம், 2003 இவ்வாணையத்தின் பணிகளை வரையறுக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேசிய மின்சாரத் திட்டத்தை வகுக்கும் கடமையும் இதற்கு உண்டு. அத்திட்டத்திற்கு அடிப்படையாக அமைவது *மின்திறன் அளவாய்வு* என்னும் அறிக்கை வரிசை. இதன் 18ஆவது அறிக்கை 2011இலும், 19ஆவது அறிக்கை 2017இலும், 20ஆவது அறிக்கை 2022இலும் வெளிவந்தன. மாநில மின் நிறுவனங்கள் தரும் தரவுகளைக் கொண்டே இவ்வறிக்கைகள் உருவாக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் 1957 சூலை 1 அன்று தொடங்கப்பட்ட மின்வாரியம் இப்பணியை நெடுங்காலம் செய்துவந்தது. வாரியம் 2010 நவம்பர் 1 அன்று பிரிக்கப்பட்டபோது தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமும் தமிழ்நாடு மின்தொடரமைப்புக் கழகமும் உருவாயின. 2024இல் முதற்கழகம் பகிர்மானம், உற்பத்தி, பசுமை ஆற்றல் என மீண்டும் பிரிக்கப்பட்டது. பகிர்மான நிறுவனம் தன் தேவை மதிப்பீட்டையும் கொள்முதல் திட்டத்தையும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வைக்க வேண்டும். ஆணையம் அவற்றை ஆய்ந்து கட்டணத்தை நிறுவுகிறது. இதனால் தேவை மதிப்பீட்டின் விளைவு ஒவ்வொரு நுகர்வோரின் மின் கட்டண அட்டையிலும் எதிரொலிக்கிறது.

## மதிப்பிடும் முறைகள்

- போக்கு முறை: கடந்த ஆண்டுகளின் வளர்ச்சி வீதத்தை அப்படியே வருங்காலத்திற்கு நீட்டுவது. எளியது. எனினும் திடீர் மாற்றங்களை இம்முறை அறியாது.
- இறுதிப் பயன்பாட்டு முறை: மின்சாரம் எதற்குப் பயன்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது. பம்புசெட்டுகளின் எண்ணிக்கை, அவற்றின் குதிரைத்திறன், ஓடும் மணி நேரம் ஆகியவற்றைப் பெருக்கிப் பாசனத் தேவையைக் கணக்கிடுவது இதற்கு எடுத்துக்காட்டு.
- பொருளியல் அளவை முறை: மொத்த உள்நாட்டு உற்பத்தி, வருவாய், மின்கட்டணம், மக்கள்தொகை, வெப்பநிலை ஆகியவற்றுக்கும் மின் நுகர்வுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக அமைத்துக் கணக்கிடுவது.

மத்திய மின்சார ஆணையம் தன் அளவாய்வு அறிக்கைகளில் *பகுதி இறுதிப் பயன்பாட்டு முறையை* கையாண்டு வந்துள்ளது. இது முதலிரண்டு முறைகளின் கலப்பு. தரவு கிடைக்கும் பிரிவுகளுக்கு இறுதிப் பயன்பாட்டு முறையும், பிறவற்றுக்குப் போக்கு முறையும் இதில் பின்பற்றப்படுகின்றன. 2019இல் பொருளியல் அளவை முறையிலும் ஆணையம் தனியாக ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது.

## இற்றைப்படுத்தும் படிகள்

மதிப்பீட்டை இற்றைப்படுத்துவது புதிய ஆண்டின் எண்ணைப் பழைய வரிசையில் சேர்ப்பது மட்டுமன்று. அது பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. அடிப்படை ஆண்டை மாற்றுதல். முழுமையான தரவு கிடைத்த அண்மை ஆண்டு புதிய தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது.
2. தொடக்கப் புள்ளியைச் சீர்செய்தல். வழக்கத்துக்கு மாறான வெப்பம், வறட்சி, பெருமழை, ஊரடங்கு ஆகியவற்றின் விளைவும், மின்வெட்டால் நிறைவேறாத தேவையும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.
3. பிரிவுவாரியாகப் பகுத்தல். வீடு, வணிகம், வேளாண்மை, தாழ்வழுத்தத் தொழில், உயரழுத்தத் தொழில், தெருவிளக்கும் குடிநீரும், தொடர்வண்டி எனப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வளர்ச்சி வீதம் குறிக்கப்படுகிறது.
4. இழப்பைச் சேர்த்தல். நுகர்வோர் பெறும் மின்சாரத்துடன், கம்பிகளிலும் மின்மாற்றிகளிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால்தான் தொடரமைப்பில் செலுத்த வேண்டிய ஆற்றல் தெரியும். இழப்பு 15 விழுக்காடு எனில், 85 அலகு விற்க 100 அலகு தேவை.
5. உச்சத்தைக் கணக்கிடுதல். ஆற்றல் தேவையைச் சுமைக் காரணியைக் கொண்டு உச்சத் தேவையாக மாற்றுவர். மணிவாரியான தரவு இருந்தால் அதிலிருந்து நேராகவும் கணிப்பர்.
6. பல நிலைகளை வகுத்தல். பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால், மெதுவாக வளர்ந்தால், மின்வண்டிகள் பெருகினால் என வெவ்வேறு எடுகோள்களுக்கு வெவ்வேறு மதிப்பீடுகள் தரப்படுகின்றன.
7. பழைய மதிப்பீட்டுடன் ஒப்பிடுதல். சென்ற மதிப்பீடு எந்தப் பிரிவில், எந்த அளவுக்கு, எதனால் பிழைத்தது என்று ஆராய்ந்து எடுகோள்கள் திருத்தப்படுகின்றன.

இவற்றுள் இரண்டாம் படியும் ஏழாம் படியும் இன்றியமையாதவை. இவற்றைத் தவிர்த்தால் பழைய பிழையே புதிய மதிப்பீட்டின் அடித்தளமாகிவிடும்.

## எடுத்துக்காட்டு: சேலம், நாமக்கல் சமவெளி

மாநில அளவிலான எண் பல சிற்றூர்களின் நுகர்வு சேர்ந்து உருவாவதாகும். சேலம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஆட்டையாம்பட்டி பேரூராட்சியும் அதன் சுற்றுப்புறமும் இதைப் புரிந்துகொள்ளப் பொருத்தமானவை. நெசவுக்கும் முறுக்குக்கும் பெயர்பெற்ற ஊர் இது. தெற்கே நாமக்கல் மாவட்டத்தில் கோழிப்பண்ணைகளும், திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய விசைத்தறி ஊர்களும் உள்ளன. சமவெளி எங்கும் மரவள்ளி விளைகிறது. அதை அரைக்கும் சேகோ ஆலைகள் பல உள்ளன. 1937இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய மேட்டூர் அணை மின்நிலையமும் மேட்டூர் அனல்மின் நிலையமும் சேலம் மாவட்டத்திலேயே அமைந்துள்ளன.

இத்தகைய பகுதியில் ஒவ்வொரு பிரிவும் வெவ்வேறு காரணங்களால் மாறுகிறது.

விசைத்தறி. தமிழ்நாட்டில் 2006 முதல் விசைத்தறிகளுக்கு இரு மாதங்களுக்கு 500 அலகு இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. இது 2016இல் 750 அலகாகவும், 2023இல் 1,000 அலகாகவும் உயர்த்தப்பட்டது. ஒரு குதிரைத்திறன் விசைப்பொறி கொண்ட தறி நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாட்கள் முழுச்சுமையில் ஓடினால் இரு மாதங்களில் சுமார் 373 அலகு செலவாகும். எனவே இரண்டு தறி வைத்திருப்பவருக்கு இலவச வரம்பே போதுமானது. நான்கு தறி வைத்திருப்பவர் வரம்பைக் கடக்கிறார். கொள்கை மாற்றம் நுகர்வை எவ்வளவு மாற்றும் என்பது தறிகளின் மொத்த எண்ணிக்கையைக் காட்டிலும் ஒரு கூடத்தில் எத்தனை தறி என்பதையே பொறுத்துள்ளது. நூல் விலை ஏற்றத்தால் தறி நிற்பதும், பழைய தறிக்கு மாற்றாக நாடா இல்லாத் தறி வருவதும் கணக்கை மேலும் மாற்றும்.

சேகோ ஆலைகளும் கோழிப்பண்ணைகளும். சேகோ ஆலைகள் மரவள்ளி அறுவடைப் பருவத்தில் மிகுதியாக ஓடுவதால் அவற்றின் நுகர்வை ஆண்டுச் சராசரியாகக் கொண்டால் பருவ உச்சம் மறைந்துவிடும். கோழிப்பண்ணைகளில் தீவன ஆலையும் தண்ணீர் இறைப்பும் ஆண்டு முழுதும் தொடர்கின்றன.

வீடுகள். இரு மாதங்களுக்கு முதல் 100 அலகு 2016 மே மாதம் முதல் இலவசமாயிற்று. வீட்டுப் பிரிவில் வளர்ச்சியைத் தீர்மானிப்பது இணைப்புகளின் எண்ணிக்கையை விடக் குளிரூட்டிகளின் பெருக்கமே. கோடையில் பிற்பகலிலும் முன்னிரவிலும் இவை உச்சத் தேவையை உயர்த்துகின்றன.

எரிபொருள் மாற்றம். விறகிலோ எரிவளியிலோ காயும் முறுக்கு வாணலி மின் பதிவேட்டில் இல்லை. மாவரைக்கும் எந்திரம் மட்டுமே உள்ளது. இத்தகைய சிறுதொழில்கள் மின்வெப்பத்துக்கு மாறினால், உற்பத்தி கூடாமலேயே மின் தேவை கூடும். போக்கு முறையால் இதை முன்னரே காண இயலாது. மின்வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

## அளவி இல்லாத இணைப்புகள்

தமிழ்நாட்டு மதிப்பீட்டில் மிகப்பெரிய ஐயம் வேளாண் பிரிவில் உள்ளது. சிறு உழவர்களுக்கு 1984இலும், எல்லா உழவர்களுக்கும் 1990இலும் இலவச மின்சாரம் அளிக்கப்பட்டது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அளவி இல்லை. ஆகவே அவற்றின் நுகர்வு மாதிரி அளவீடுகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒவ்வொரு பம்புசெட்டும் ஐந்து குதிரைத்திறன் (3.73 கிலோவாட்டு) கொண்டது என்று கொள்வோம். அது ஆண்டுக்கு 1,000 மணி நேரம் ஓடினால் 3,730 அலகும், 1,500 மணி நேரம் ஓடினால் 5,595 அலகும் செலவாகும். 20 இலட்சம் பம்புசெட்டுகளுக்கு இது முறையே 746 கோடி அலகும் 1,119 கோடி அலகும் ஆகும். ஓடும் நேரம் பற்றிய ஓர் எடுகோள் மாறியதால் மட்டுமே 373 கோடி அலகு வேறுபாடு ஏற்படுகிறது.

தொடரமைப்பில் செலுத்தப்பட்ட மொத்த ஆற்றல் அளக்கப்படுவதால், வேளாண் நுகர்வைக் கூட்டிக் காட்டினால் கம்பி இழப்பு குறைந்ததாகத் தோன்றும். குறைத்துக் காட்டினால் இழப்பு கூடியதாகத் தோன்றும். இரண்டுக்கும் தீர்வு வேறு. இழப்பு மிகுதி என்றால் கம்பியையும் மின்மாற்றியையும் மாற்ற வேண்டும். பாசன நுகர்வு மிகுதி என்றால் நிலத்தடி நீரையும் பம்புசெட்டின் திறனையும் கவனிக்க வேண்டும்.

கடினப்பாறை நிலமான சேலம், நாமக்கல் பகுதியில் இச்சிக்கல் கூடுதலானது. நீர்மட்டம் இறங்க இறங்க ஆழ்துளைக் கிணறுகள் ஆழமாகின்றன. அதே அளவு நீரை இறைக்க மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. இணைப்புகளின் எண்ணிக்கை மாறாமலேயே தேவை வளர்கிறது. மழை மிகுந்த ஆண்டில் தேவை சட்டெனக் குறைகிறது. வேளாண் இணைப்புகளுக்குத் தனி மின்வழித்தடம் அமைப்பதும், பகிர்மான மின்மாற்றிகளில் அளவி பொருத்துவதும் இவ்வையத்தைக் குறைக்கும் வழிகள்.

## நிறைவேறாத தேவை

மின்வெட்டுக் காலத்தில் விற்பனையான மின்சாரம் மக்களின் தேவையைக் காட்டாது. கிடைத்ததையே அது காட்டும். தமிழ்நாட்டில் 2008 நவம்பர் முதல் உயரழுத்த நுகர்வோருக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. விசைத்தறிகளும் சிறு பட்டறைகளும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன. தறி ஓடாத நாளில் கூலி இல்லை என்பதால் இழப்பு நேராகத் தொழிலாளரைச் சென்றடைந்தது. கட்டுப்பாடுகள் 2015இல் முழுமையாக விலக்கப்பட்டன.

இவ்வாண்டுகளின் விற்பனையை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் பற்றாக்குறையே அடுத்த மதிப்பீட்டையும் தாழ்த்தும். எனவே வெட்டப்பட்ட சுமையை மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். ஆனால் முழுமையாகச் சேர்த்தாலும் பிழை நேரலாம். வெட்டு நேரத்தில் நிறுத்திய வேலையில் ஒரு பகுதி மின்சாரம் வந்தபின் செய்யப்படுவதால், அது ஏற்கெனவே விற்பனையில் அடங்கியுள்ளது. டீசல் மின்னாக்கிகளால் ஈடுசெய்யப்பட்ட பகுதி முழுவதும் வாரியத்துக்குத் திரும்பும் என்றும் கூற இயலாது.

பற்றாக்குறை நீடித்ததற்குக் காலத்தாழ்வும் ஒரு காரணம். 2008இல் பணி தொடங்கப்பட்ட மேட்டூர் அனல்மின் நிலையத்தின் 600 மெகாவாட்டு அலகு 2013இல்தான் வணிக உற்பத்திக்கு வந்தது. வெளியிலிருந்து வாங்குவதற்கும் தடை இருந்தது. தென்மாநில மின்தொகுப்பு நாட்டின் பிற தொகுப்புகளுடன் ஒத்தியங்கும் வகையில், இராய்ச்சூர் – சோலாப்பூர் வழித்தடத்தால் 2013 திசம்பர் 31 அன்றே இணைக்கப்பட்டது.

## மதிப்பீடும் மெய்நிலையும்

2021-22ஆம் ஆண்டின் இந்தியத் தேவை குறித்து இரு அளவாய்வு அறிக்கைகள் கூறியவையும் மெய்யான தேவையும் கீழே தரப்பட்டுள்ளன.

| | ஆற்றல் (பில்லியன் அலகு) | உச்சம் (மெகாவாட்டு) |
|---|---|---|
| 18ஆவது அறிக்கை (2011) | 1,905 | 2,83,470 |
| 19ஆவது அறிக்கை (2017) | 1,566 | 2,25,751 |
| மெய்யான தேவை | 1,380 | 2,03,014 |

முதல் மதிப்பீடு ஆற்றலில் 38 விழுக்காடும், இற்றைப்படுத்திய மதிப்பீடு 13 விழுக்காடும் மிகையாக இருந்தன. தொழில் வளர்ச்சி எதிர்பார்த்த அளவு இல்லாமை, சிக்கன விளக்குகளின் பரவல், தொழிற்சாலைகளின் சொந்த மின் உற்பத்தி ஆகியவை இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2020இல் கொரோனா ஊரடங்கால் ஏற்பட்ட வீழ்ச்சியை எந்த முறையும் முன்னறிந்திருக்க இயலாது.

20ஆவது அறிக்கை 2026-27க்கான உச்சத் தேவையை முந்தைய 2,98,774 மெகாவாட்டிலிருந்து 2,77,201 மெகாவாட்டாகக் குறைத்தது. ஆனால் அதன்பின் தேவை விரைந்து வளர்ந்து, 2024 மே மாத வெப்ப அலையின்போது நாட்டின் உச்சம் 2,50,000 மெகாவாட்டை எட்டியது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2022 ஏப்ரலில் 17,563 மெகாவாட்டாகவும், 2023 ஏப்ரலில் 19,387 மெகாவாட்டாகவும், 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டாகவும் இருந்தது. ஈராண்டில் கூடிய 3,267 மெகாவாட்டு, மேட்டூர் அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறனான 1,440 மெகாவாட்டைப் போல் இரு மடங்குக்கும் மேலானது. இவ்வுயர்வில் எவ்வளவு கோடை வெப்பத்தால் வந்தது, எவ்வளவு நிலையான வளர்ச்சி என்று பிரித்தறிவதே அடுத்த மதிப்பீட்டின் முதன்மை வினா ஆகும்.

## பிழையின் விலை

மிகை மதிப்பீடும் தீங்கற்றதன்று. நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களில் மின்சாரத்தை எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் செலுத்த வேண்டும். மகாராட்டிர மாநிலத்தின் தாபோல் மின்நிலையம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. 1999இல் இயங்கத் தொடங்கிய அதன் மின்சாரம், மாநில மின்வாரியத்தால் தாங்க இயலாத விலையில் இருந்தது. 2001இல் நிலையம் மூடப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவில் 1973க்கு முன் மின் தேவை ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு வளர்ந்துவந்தது. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வளர்ச்சி சரிந்தது. எனினும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் சற்றே குறைத்து, ஆனால் மேல்நோக்கியே மதிப்பிட்டு வந்தன. அக்கோடுகளை ஒரே வரைபடத்தில் இட்டபோது விரித்த விசிறி போலத் தோன்றியது. வாசிங்டன் மாநிலத்தின் பொது மின்வழங்கல் அமைப்பு ஐந்து அணுவுலைகளைத் தொடங்கி ஒன்றை மட்டுமே முடித்தது. கைவிடப்பட்ட இரு உலைகளுக்காகப் பெற்ற 225 கோடி டாலர் கடன்பத்திரங்களுக்கு 1983இல் பணம் செலுத்தத் தவறியது. மதிப்பீடு இற்றைப்படுத்தப்பட்டும் அடிப்படை எடுகோள் மாறாததன் விளைவு இது.

## அண்மைக்கால மாற்றங்கள்

2022 திசம்பரில் திருத்தப்பட்ட மின்சார விதிகளும், 2023 சூனில் வெளியான வழிகாட்டு நெறிகளும் *வளப் போதுமை* என்னும் கருத்தை முன்வைத்தன. இதன்படி பகிர்மான நிறுவனங்கள் பத்தாண்டுத் தேவையை மதிப்பிட்டு, அதற்கான கொள்முதல் திட்டத்தை ஆண்டுதோறும் இற்றைப்படுத்த வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த திருத்தம் இதனால் தொடர் பணியாகிறது.

கூரைமேல் சூரியத் தகடுகள் புதிய சிக்கலைக் கொண்டுவந்துள்ளன. வீட்டிலேயே உருவாகி அங்கேயே செலவாகும் மின்சாரம் துணைமின் நிலையத்துக்குத் தெரிவதில்லை. பகலில் தேவை குறைந்ததுபோல் தோன்றி, கதிரவன் மறைந்ததும் திடீரென உயர்கிறது. எனவே ஆண்டுக்கான ஒற்றை உச்ச எண் போதாமல், ஆண்டின் ஒவ்வொரு மணி நேரத்துக்குமான தேவையை மதிப்பிடும் முறை பரவிவருகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை மின்சாரம் பெருகும் தமிழ்நாட்டில் இது மிகவும் பயனுள்ளது. கோடை உச்சம் ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ நேர்வதால், காற்று பருவத்துக்கு முந்தைய அவ்வாரங்களே மிகக் கடினமானவை.

## இவற்றையும் பார்க்க

- தமிழ்நாடு மின்சார வாரியம்
- மேட்டூர் அனல்மின் நிலையம்
- மின்சாரச் சட்டம், 2003
- விசைத்தறி
- ஆட்டையாம்பட்டி